கும்பினியிலிருந்து கம்பெனி ரோல் வரை

சென்னையை அடுத்த தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் 'கம்பெனிக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார்கள். விடியுமுன் நெடுஞ்சாலையோரம் காத்து நிற்பது கம்பெனி பஸ்ஸுக்காக. பெண் கேட்டு வரும் வீட்டார் 'பையன் கம்பெனியில இருக்கான்' என்றதும், பெண் வீட்டிலிருந்து அடுத்த கேள்வி வரும்: 'கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா?' இதே போன்ற இடத்தைக் கோயம்புத்தூர்க்காரர் மில் என்பார். கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் அது தீப்பெட்டி ஆபீஸ். திருப்பூரில் பனியன் கம்பெனி. வேலை செய்யும் இடத்துக்கு ஒவ்வொரு வட்டாரமும் பிடித்துக்கொண்ட சொல்லில் அந்த வட்டாரத்தின் தொழில் வரலாறு ஒளிந்திருக்கிறது. 'கம்பெனி' நம்மிடம் வந்த நாள் முதல், பெரும்பாலும் பேசுகிறவருக்கு வெளியே நிற்கும் அதிகாரத்தையே குறித்து வந்திருக்கிறது என்பது என் வாதம்.

பிறப்பில் அது அப்படிப்பட்ட சொல்லே அல்ல. லத்தீனில் 'கொம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. உடனமர்ந்து ஒரே ரொட்டியை உண்பவன் 'கொம்பானியோ'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இச்சொல் துணை, கூட்டம், படைப்பிரிவு, வணிகர் கூட்டு என்று கிளைத்தது. 'சினிமாவுக்குப் போறேன், கம்பெனி குடு' என்று நண்பனைக் கூப்பிடும்போது அந்தப் பழைய பொருளைத்தான் நாமும் கையாள்கிறோம்.

ஆனால் தமிழ்நாட்டை எட்டியபோது அது கொடியோடும் கோட்டையோடும் வந்தது. 1600 டிசம்பர் 31-இல் லண்டனில் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1639-இல் மதராசபட்டினத்தில் இடம் பெற்றது. டச்சுக்காரரும் டேனியரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் கம்பெனிகளோடு கடற்கரையில் இறங்கினார்கள். தமிழ் வாய்க்குள் அது கும்பினி, கும்பெனி என்று உருமாறியது. 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வரும் கும்பினி பெரும்பாலும் பிரெஞ்சுக்காரருடையது. மரியாதை விகுதி சேர்ந்து 'கும்பினியார்' என்றும் ஆயிற்று. ஒரு வணிக நிறுவனத்துக்கு 'ஆர்' விகுதி போட்டதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அரசருக்குரிய பணிவு அது.

தண்டலத்தைச் சுற்றிய நிலம் இந்த மாற்றத்தை மிக முன்பே கண்டது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 தொடங்கி 1774 வரை கம்பெனியின் சார்பில் தாமஸ் பார்னார்டு ஊர் ஊராக நிலத்தை அளந்து, குடிகளையும் மானியங்களையும் கணக்கெடுத்தார். கிராமக் கணக்கர்களின் ஓலைகளே அந்தப் பதிவுக்கு ஆதாரம். அப்போதே இங்குள்ள உழவருக்குக் கும்பினி என்பது வரி கேட்கும் அரசாங்கம். தெற்கே கட்டபொம்மன் கதைப்பாடல்களில் கும்பினி எதிரியாகவே நின்றது. 1858-இல் ஆட்சி பிரிட்டிஷ் அரசிக்குப் போனது. 1874-இல் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது.

இச்சொல்லை உள்ளிருந்து உரிமையாக்கிக்கொள்ள முயன்றவர் வ.உ.சிதம்பரனார். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-இல். 107 ஆண்டுகள் கழித்து, 1906-இல் அதே அக்டோபர் 16 அன்று, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 25 ரூபாய் புரட்ட முடிந்தவர் கம்பெனிக்குள் வந்துவிடலாம். நமது கம்பெனி வரலாற்றில் இதைவிடத் துணிந்த முயற்சியை நான் காணவில்லை.

அதன்பின் நாடகக் கம்பெனி, சினிமா கம்பெனி என்று சொல் பரவியது. ஆலையைக் குறிக்கும் வழக்கு சென்னை வட்டாரத்தில் வேரூன்ற, கிண்டி (1958), அம்பத்தூர் (1964) தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகள் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. ஹூண்டாய் 1996-இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியே விட்டபோது, இங்கே பழைய மில் மரபு ஏதும் இல்லை. 'கம்பெனி' அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தது.

அதற்குள்ளேயே ஒரு பிளவும் விழுந்தது. சம்பளப் பட்டியலில் நேரடியாகப் பெயர் இருந்தால் கம்பெனி ரோல். காண்ட்ராக்டர் வழியே வந்தவர் அதே லைனில், அதே சத்தத்தில், அதே ஷிப்ட் முழுக்க நின்றாலும் அவர் கம்பெனி ஆள் அல்ல. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இவர்களை ஒழுங்குபடுத்த முனைந்தது. பெண் வீட்டாரின் கேள்வி மாறவில்லை.

உணவுக்கும் இச்சொல்லுக்கும் உள்ள பழைய உறவு 2021 டிசம்பரில் இங்கே கொடுமையான விதத்தில் வெளிப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஐபோனைக் கோத்த கைகள் நல்ல சோற்றுக்காகச் சாலையில் நின்றன.

2024 செப்டம்பர் 9-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வோடு, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்வதும் அவர்களது கோரிக்கை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் அந்தப் பெயரிலேயே பதிவாயிற்று.