முதுமையில் ஸ்கூபா முக்குளிப்பும் உயர்நிலைச் சான்றிதழ்களும்

ஸ்கூபா முக்குளிப்பு என்பது, அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய உருளையை முதுகில் சுமந்து, நீருக்கடியில் மூச்சுவிட்டபடி நீந்துவதாகும். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களும் முறையான பயிற்சி பெற்று, அதற்கான சான்றிதழ் அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது இன்று உலகின் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் உடல்வலு மிக்க இளைஞர்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இக்கலையை, இன்று பணி ஓய்வு பெற்றவர்களும் கற்று, உயர்நிலைச் சான்றிதழ்கள் வரை செல்கின்றனர். இந்த மாற்றம் துணிச்சலால் மட்டும் வந்ததன்று. விபத்துகள் புகட்டிய பாடங்கள் விதிகளாக எழுதப்பட்டதாலும் வந்தது.

கருவியும் ஆபத்தும்

1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னானும் இணைந்து 'அக்வாலங்' என்னும் கருவியை உருவாக்கினர். முக்குளிப்பவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் இக்கருவி காற்றைத் தரும். போர் முடிந்தபின் இது கடைகளில் விற்பனைக்கு வந்தது. பணம் கொடுத்தவர் யாரும் வாங்கலாம். பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதில் மறைந்திருந்த ஆபத்தை எளிய கணக்கால் விளக்கலாம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைப் போல் 4 மடங்கு. மேற்பரப்பில் 60 நிமிடம் போதுமான காற்று, அங்கே 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மேலும், ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறினால் சோடா புட்டியைத் திறந்ததுபோலக் குமிழிகளாக வெளிப்பட்டு, மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும்.

சான்றிதழ் பிறந்த வரலாறு

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில், 1950களின் தொடக்கத்தில் கான்ராட் லிம்பா என்பவரின் முயற்சியால் அறிவியலாளர்களுக்கான முக்குளிப்புப் பயிற்சி தொடங்கியது. அங்குப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களை உருவாக்கியது. பாதுகாப்பு விதிகளை வகுத்தவர்களுள் ஒருவரான லிம்பாவே 1960இல் பிரான்சின் போர்மியூ நீரடிக் குகையில் வழிதவறி உயிரிழந்தார். தேர்ந்த வல்லுநருக்கும் கடல் சலுகை காட்டுவதில்லை என்பதை இம்மரணம் உணர்த்தியது.

பிரித்தானியாவில் 1953இல் பிரித்தானிய சப் அக்வா கிளப் தோன்றியது. 1959இல் கூஸ்தோவைத் தலைவராகக் கொண்டு உலக நீரடிச் செயல்பாடுகள் கூட்டமைப்பு அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1960இல் 'நாவி' என்னும் பயிற்றுநர் சங்கமும், 1966இல் ஜான் குரோனின், ரால்ஃப் எரிக்சன் ஆகிய இருவரால் 'பாடி' என்னும் சங்கமும் நிறுவப்பட்டன. முன்னவர் முக்குளிப்புக் கருவிகளை விற்பவர். பின்னவர் நீச்சல் ஆசிரியர். பயிற்சியைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை இவ்வமைப்புகளின் வழியே பரவியது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடு, வயது முதிர்ந்த மாணவர்களுக்குப் பெரிதும் உதவியது.

படிநிலைகள்

'பாடி' முறையில் முதல் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். அடுத்தது 'அட்வான்ஸ்டு' நிலை. இதற்கு ஐந்து வகைப் பயிற்சி முக்குளிப்புகள் தேவை. அவற்றுள் ஆழ முக்குளிப்பும், திசைகாட்டி கொண்டு வழியறிதலும் கட்டாயம். இதனால் 30 மீட்டர் வரை செல்லும் தகுதி கிடைக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லை 40 மீட்டர்.

மூன்றாவதான 'மீட்பு' நிலையில், களைத்துப்போனவரையும் நினைவிழந்தவரையும் நீரிலிருந்து மீட்கக் கற்பிக்கின்றனர். தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையிலிருந்து துணைவரைக் காக்கும் நிலைக்கு மாணவர் உயர்வது இங்கேதான். மீட்புச் சான்றிதழுடன் ஐந்து சிறப்புப் பயிற்சிகளையும் 50 முக்குளிப்புகளையும் முடித்தவர் 'மாஸ்டர் ஸ்கூபா டைவர்' எனப்படுகிறார். இந்தச் சான்றிதழ்களுக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, மேல்வரம்பு இல்லை.

அட்டவணைகள் மாறிய விதம்

ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட அழுத்தக்குறைப்பு அட்டவணை, ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளின் பயனாகக் கிடைத்தது. பின்னர் நெடுங்காலம் பயன்பட்ட அமெரிக்கக் கடற்படை அட்டவணைகள் உடற்கட்டு மிக்க வீரர்களைக் கருத்தில் கொண்டவை. 60 வயதைக் கடந்த ஒரு பொதுமனிதருக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது. 1980களில், இரத்தத்தில் ஓடும் குமிழிகளை ஒலியலை மூலம் கண்டறியும் சோதனைகளின் அடிப்படையில், பொழுதுபோக்கு முக்குளிப்புக்கெனத் தனி அட்டவணை வந்தது. முக்குளிப்புக் கணினிகளும் அதே காலத்தில் பரவின. கரையேறுமுன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது நல்ல பழக்கமாக வேரூன்றியது. ஆக்சிசன் கூட்டப்பட்ட 'நைட்ராக்ஸ்' காற்றும் 1985 முதல் பொதுமக்களுக்கு அறிமுகமானது. அதில் நைட்ரஜன் குறைவு என்பதால் மூத்தோர் பலர் அதற்கான சிறப்புப் பயிற்சியை விரும்பிப் பெறுகின்றனர்.

முதுமையில் முக்குளித்தோர்

செருமானியத் திரைப்பட இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டால், நாத்சி ஆட்சிக்குப் பரப்புரைப் படங்கள் எடுத்ததற்காகத் தீராத கண்டனத்துக்கு உள்ளானவர். அவர் 70 வயதைக் கடந்தபின், தம் வயதில் 20 ஆண்டுகளைக் குறைத்துக் கூறி முக்குளிப்புப் பயிற்சி பெற்றார். 2002இல், தம் நூறாவது வயதில் கடலடிக் காட்சிகளைக் கொண்ட படத்தை வெளியிட்டார். வயதை மறைத்தால்தான் கற்க முடியும் என்று அவர் எண்ணியது அக்கால நிலையைக் காட்டுகிறது.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் முக்குளிப்பின் மீதுள்ள ஆர்வத்தால் இலங்கையில் குடியேறினார். திருகோணமலையில் கோணேசுவரர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். 1962இல் போலியோவால் தாக்கப்பட்ட பின்னும் அவர் முக்குளிப்பைக் கைவிடவில்லை. நீரில் உடல் எடை உணரப்படாததால், நிலத்தில் தளர்ந்தவரும் அங்கே எளிதாக இயங்க முடிகிறது.

பிரித்தானியரான ரே வூலி 2019இல், தம் 96ஆம் வயதில், சைப்ரஸ் நாட்டின் லார்னகா அருகே மூழ்கிக் கிடக்கும் சினோபியா கப்பலுக்கு 42.4 மீட்டர் ஆழம் வரை இறங்கிக் கின்னஸ் சாதனை படைத்தார். இவர் முதுமையில் புதிதாகக் கற்றவர் அல்லர். பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர். இந்த வேறுபாட்டை மறந்து அவரைப் பின்பற்ற முயல்வது தவறு.

இதயமும் உடல்நலப் படிவமும்

நீரில் இறங்கியதும் கைகால்களிலுள்ள இரத்தத்தின் ஒரு பகுதி மார்புப் பகுதிக்குச் செல்வதால் இதயத்தின் சுமை கூடுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, 947 முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்தது. காரணம் தெளிவானவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதயப் பாதிப்பால் நேர்ந்தவை. பயிற்சிக்கு முன் நிரப்ப வேண்டிய உடல்நலப் படிவம், 45 வயதைக் கடந்தவர்களிடம் புகைப்பழக்கம், கொழுப்பு போன்றவற்றைப் பற்றித் தனியே கேட்பது இதனால்தான். குறிப்பிட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என விடையளிப்பவர் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே நீரில் இறங்கலாம்.

இம்முறையில் ஓர் இடைவெளி உண்டு. சான்றிதழ் அட்டை காலாவதி ஆவதில்லை. உடலோ ஆண்டுதோறும் மாறுகிறது. 40 வயதில் அட்டை பெற்றவர் 65 வயதிலும் அதைக் காட்டி முக்குளிக்க முடியும். ஆனால் அவர் புதிய பயிற்சியில் சேர்ந்தால், படிவத்தை மீண்டும் நிரப்ப வேண்டும். பயிற்றுநர் கண்முன் திறன்களைச் செய்துகாட்ட வேண்டும். ஆகவே முதியவர் ஒருவர் அடுத்த சான்றிதழை நாடுவது மேலும் ஆழம் செல்வதற்காக மட்டுமன்று. இன்னும் இறங்கலாமா என்பதைப் பிறர் முன்னிலையில் சோதித்துக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது. அச்சோதனையில் 'வேண்டாம்' என்ற விடை வந்தால், அதை ஏற்றுக் கரையில் நிற்பதும் அப்பயிற்சி கற்பிக்கும் பாடமே.