நாக்பூரில் வாழ்ந்தவரின் குரல்

சிவில் லைன்ஸ் பக்கம் செல்லும் நம் காலனி அன்பர்கள் ஹிஸ்லாப் கல்லூரியைப் பாராதிருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் சிலர் அங்கே பயின்றும் இருக்கின்றனர். 1953ஆம் ஆண்டில் அக்கல்லூரிக்கு ஜேம்ஸ் லாசன் என்னும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர் வந்து சேர்ந்தார். கொரியப் போர்க் காலத்தில் கட்டாயப் படைச் சேர்க்கைக்கு இணங்க மறுத்துச் சிறை சென்று மீண்டவர் அவர். மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக வந்து, மாணவர்க்கு விளையாட்டுப் பயிற்சியும் அளித்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தார். காந்தியடிகளின் அறப்போர் முறையை ஊன்றிக் கற்றார். மாண்ட்கோமரி நகரின் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை அவர் படித்தறிந்தது நாக்பூர் நாளிதழில்தான்!

தாயகம் திரும்பியவரை 1957இல் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், காலந்தாழ்த்தாது தென்மாநிலங்களுக்கு வருமாறு வேண்டினார். லாசன் நாஷ்வில் நகரம் சென்று, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவரானார். மாலை வேளைகளில் கல்லூரி மாணவரைக் கூட்டிப் பயிற்சி அளித்தார். விந்தையான பயிற்சி அது. ஒருவர் வைவார், பிடித்துத் தள்ளுவார். மற்றவர் கை ஓங்காது பொறுத்திருத்தல் வேண்டும். அம்மாணவர்கள் 1960 பிப்ரவரி 13ஆம் நாள், வெள்ளையர்க்கு மட்டுமே உணவளித்த கடைகளில் சென்று அமர்ந்தனர். அடி பட்டனர்; சிறை புகுந்தனர். மே 10ஆம் நாள் அக்கடைகள் சில அவர்களுக்கும் உணவு பரிமாறின.

ஆனால் அதற்குள், மார்ச் மாதத்திலேயே, பல்கலைக்கழகம் லாசனை நீக்கிவிட்டது. இறையியல் பேராசிரியர் பலர் அதனைக் கண்டித்துப் பதவி விலக முன்வந்தனர். அவரோ பாஸ்டன் சென்று பட்டம் பெற்றார்.

நிற்க. ராபர்ட் பென் வாரன் என்னும் எழுத்தாளர் அதே வாண்டர்பில்ட்டில் பயின்றவர், வெள்ளையர். 1930இல் இனப் பிரிவினைக்கு ஆதரவாகக் கட்டுரை எழுதிய அவர், பின்னாளில் மனம் மாறி, 1964இல் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், ஜேம்ஸ் பால்ட்வின், நம் லாசன் ஆகியோரை நேரிற் கண்டு வினவினார். உளவியல் அறிஞர் கென்னத் கிளார்க்கும் அவர்களுள் ஒருவர். கிளார்க்கும் அவர் மனைவியாரும் கறுப்பினக் குழந்தைகள் முன் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் வைத்து, எது நல்லது எனக் கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையையே காட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் சுட்டப்பெற்றது. பெற்றோராகிய நமக்கு நெஞ்சை அறுக்கும் ஆய்வு அது.

வாரனின் நூல் 1965இல் வெளிவந்தது. ஒலிநாடாக்கள் கென்டக்கி, யேல் பல்கலைக்கழக நூலகங்களில் தங்கின. நெடுங்காலம் கழித்து அவற்றைக் கணினிவழி எவரும் கேட்கத் தொகுத்து வைத்தது எது? லாசனை நீக்கிய வாண்டர்பில்ட்டேதான்!

கோப்புகளோடு காலந்தள்ளும் குமாஸ்தா நாம். ‘நீக்கப்பட்டார்’ என்று ஒரு வரி எழுதிக் கட்டிவைத்தால் கோப்பு முடிந்தது. நீக்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை ஒலிநாடா நிரப்புகின்றது. நம் ஆங்கிலம் மெட்ரிகுலேஷன் அளவினதே. எனினும் பேச்சின் எழுத்து வடிவமும் உடன் இருப்பதால், மகன் கணினியை இயக்க, ஞாயிறு ஒன்றில் குடும்பத்தோடு அமர்ந்து லாசனின் குரலைக் கேட்டோம். நம்மூர்த் தெருக்களில் நடந்தவரின் குரல் என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் முதலில் நம்பவில்லை.

2006இல் அப்பல்கலைக்கழகம் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பிற்பாடு தம் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் அவர் அதற்கே கொடுத்தார். 2024 ஜூன் மாதத்தில், 95ஆம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார்.