பாண்டியன் லாயத்துப் பரிகள்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய தேசத்தைக் கண்டுசென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து மரக்கலமேறி வந்த புரவிகளைப் பற்றி எழுதிவைத்த செய்தி, படிப்போர் மனத்தை இன்றும் வருத்துவது. அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேல் வாங்குவானாம்; வருஷம் முடிவதற்குள் நூறுகூட மிஞ்சாதாம்.

புல்லும் வாற்கோதுமையும் தின்று வளர்ந்த பிராணிக்கு இங்கே சோற்றையும் வேகவைத்த மாமிசத்தையும் ஊட்டினார்கள் என்கிறார் அவர். குதிரையின் இரைப்பையோ உடம்பைப் பார்க்கச் சிறியது; அல்லும் பகலும் அமிலம் சுரப்பது; ஓயாமல் புல்லை மென்று உமிழ்நீரை விழுங்கிக்கொண்டிருந்தாலன்றி, அந்த அமிலமே இரைப்பைச் சுவரை அரித்துப் புண்ணாக்கிவிடும்; ஒவ்வாததைக் கக்கிவிடவும் அந்த வாயில்லா ஜீவனுக்கு இயலாது.

வைத்தியம் பார்க்கலாமென்றால் வைத்தியன் வேண்டுமே! குதிரை வர்த்தகர்கள் தாமும் அசுவ வைத்தியரை அழைத்துவருவதில்லை, பிறர் வருவதையும் தடுத்துவிடுவார்கள் என்று போலோ குறிக்கிறார். நோய் தீர்ந்துவிட்டால் மறுவருஷம் சரக்கு விலைபோவது எப்படி? சாலிஹோத்திரர் பெயரால் பரி வைத்திய சாஸ்திரமே வழங்கிய பாரத தேசத்தில் இது நேர்ந்ததுதான் விந்தை.

பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் கூறும் உடன்படிக்கையின்படி, குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தீனார். வழியில் கடலிலேயே மாண்டுபோனவற்றுக்கும் பாண்டியனின் பொக்கிஷமே பணம் கொடுத்தது.