போதைச் சிகிச்சையில் மீண்டோர் துணை

போதைச் சிகிச்சையில் மீண்டோர் துணை என்பது, போதைப்பொருள் பழக்கத்திலிருந்து தாமே மீண்ட ஒருவர், சிகிச்சையைத் தொடங்க விரும்பும் மற்றொருவருக்கு அருகிருந்து உதவும் முறை ஆகும். இவ்வாறு உதவுபவர் துணையாளர் எனப்படுகிறார். இவர் மருத்துவரோ உளவியலாளரோ அல்லர்; மருந்து எழுதித் தரும் உரிமையும் இவருக்கு இல்லை. தம் பட்டறிவே இவருடைய முதன்மைத் தகுதி. ஹெராயின், ஃபெண்டானில் முதலிய அபினிவகைப் பொருட்களுக்கு அடிமையானோர் சிகிச்சைக்குள் நுழையும் முதற் சில நாட்களிலேயே இத்துணை பெரிதும் வேண்டப்படுகிறது.

தொடக்கத்தின் கடினம்

ஹெராயினைக் கடைசியாக எடுத்துக்கொண்டு 8 முதல் 12 மணி நேரம் ஆனதும் விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை ஆகியவற்றில் தொடங்கி, எலும்புவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்று இவை வளரும். இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். இவற்றால் உயிரிழப்பு நேர்வது அரிது. ஆயினும், இன்னொரு வேளை போதைப்பொருள் இத்துன்பத்தைச் சில நிமிடங்களில் போக்கிவிடும் என்பதை நோயாளி நன்கு அறிவார். சிகிச்சையை நாடி வந்தோர் பலர் திரும்பிப் போவது இந்த இடைவெளியில்தான்.

சிகிச்சை மருந்தும் இக்காத்திருப்பை உடனே நீக்கிவிடுவதில்லை. பூப்பிரனார்ஃபின் என்னும் மருந்து மூளையின் அபினி ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொண்டு அவற்றைப் பகுதியளவே தூண்டுகிறது. ஹெராயின் உடலில் செயற்பட்டுக்கொண்டிருக்கும்போதே இதைக் கொடுத்தால், ஹெராயினை ஏற்பிகளிலிருந்து வெளித்தள்ளிவிடும். விலகல் அறிகுறிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கடுமையாக எழும். எனவே வழக்கமான முறையில், மிதமான விலகல் தோன்றும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும். நாடித்துடிப்பு, கண்மணியின் விரிவு, நடுக்கம் உள்ளிட்ட 11 குறிகளுக்கு மதிப்பெண் இட்டு இந்நிலை அறியப்படுகிறது. தொடர்ந்து பயன்படுத்துவோரின் உடற்கொழுப்பில் ஃபெண்டானில் தங்கிவிடுவதால், அவர்களுக்கு எப்போது தொடங்குவது எனக் கணிப்பது மேலும் கடினம். மெத்தடோன் மருந்துக்கு இக்காத்திருப்பு தேவையில்லை. ஆனால் அதன் அளவைச் சிறிது சிறிதாகவே உயர்த்த இயலும்.

துணையாளரின் பணி

இக்காத்திருப்பைக் கடந்தவர் என்பதால், "இது எப்போது முடியும்?" என்ற கேள்விக்குத் துணையாளர் தரும் விடை நோயாளியின் காதில் வேறுவிதமாக விழுகிறது. அவருடைய பணியில் அறிவுரை கூறுவது சிறு பகுதியே. பதிவு செய்யுமிடத்துக்கு உடன் செல்லுதல், அடையாள அட்டையைத் தேடி எடுக்கச் செய்தல், அம்மருந்து இருப்பில் உள்ள மருந்துக்கடையைக் கண்டறிதல், மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தல் போன்ற எளிய செயல்களே பெரும்பகுதி. அளவு மிகுந்து மூச்சடங்கும்போது கொடுக்க வேண்டிய நலோக்சோன் மருந்தைக் கையாள, நோயாளியின் வீட்டாருக்கும் இவர் கற்றுத் தருவதுண்டு.

மருந்தின்றி நச்சுநீக்கம் மட்டும் செய்துகொண்டு வீடு திரும்புவது பாதுகாப்பானதன்று. சில வாரங்களிலேயே உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும். சிறை ஆய்வொன்று இவ்விடரைக் காட்டுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானோரைப் பற்றி 2007இல் வெளியான அவ்வாய்வில், முதல் இரு வாரங்களில் அளவுமீறிய போதையால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு மிகுந்திருந்தது. இதை நோயாளிக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்வதும் துணையாளரின் கடமை.

வரலாறு

1935இல் ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் தோன்றிய அனாமதேயக் குடிநோயாளிகள் அமைப்பே இம்முறைக்கு முன்னோடி. அதன் வழியில் 1953இல் தென் கலிபோர்னியாவில் போதைப்பொருளுக்கான நார்க்கோட்டிக்ஸ் அனானிமஸ் உருவானது. புதிதாய் வருபவருக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் வழித்துணையாக அமைவது இவ்விரண்டுக்கும் பொது.

மீண்டோரின் கையில் அனைத்தையும் ஒப்படைத்ததால் விளைந்த கேடும் வரலாற்றில் உண்டு. 1958இல் சார்லசு டெடரிக் கலிபோர்னியாவில் நிறுவிய சினனான், மீண்டோரே நடத்திய குடியிருப்பாகத் தொடங்கித் தொடக்கத்தில் பெரும் புகழ் பெற்றது. நாளடைவில் அது தலைவரின் சொல்லுக்கு அடங்கிய வன்முறைக் குழுவாக மாறியது. 1978இல் அவ்வமைப்பினர், தம்மை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞரின் அஞ்சற்பெட்டியில் நச்சுப்பாம்பை வைத்தனர். சினனான் 1991இல் கலைந்தது.

2007இல் ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு, ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் பயிற்சி பெற்ற துணையாளரின் பணிக்கும் ஊதியம் பெறலாம் என மாநிலங்களுக்குத் தெரிவித்தது. 2014இல் ரோடு ஐலண்டு மாநிலத்தில், அளவுமீறிய போதையால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டோரிடம் துணையாளரை அனுப்பும் திட்டம் தொடங்கியது. இறப்பின் விளிம்பிலிருந்து திரும்பிய சில மணி நேரத்திலேயே பேச்சைத் தொடங்குவது அதன் நோக்கம்.

பயன் குறித்த சான்றுகள்

யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனையில் அவசரப் பிரிவுக்கு வந்த 329 பேர் கலந்துகொண்டனர். அங்கேயே பூப்பிரனார்ஃபின் தொடங்கப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குப் பின்னும் சிகிச்சையில் இருந்தனர். வேறிடத்துக்குப் பரிந்துரைச் சீட்டு மட்டும் பெற்றவர்களில் இது 37 விழுக்காடு. சுருக்கமான ஆலோசனையும் பரிந்துரையும் பெற்றவர்களில் 45 விழுக்காடு.

துணையாளரை நேரடியாகச் சோதித்த ஆய்வு ரோடு ஐலண்டிலேயே 648 பேரிடம் நடைபெற்று 2022இல் வெளியானது. துணையாளரைச் சந்தித்தவர்களில் 32 விழுக்காட்டினரும், உரிமம் பெற்ற சமூகப் பணியாளரைச் சந்தித்தவர்களில் 30 விழுக்காட்டினரும் 30 நாட்களுக்குள் சிகிச்சையில் சேர்ந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. துணையாளர் தொழில்முறைப் பணியாளருக்குக் குறைந்தவர் அல்லர் என்று இதைக் கொள்ளலாம். இரண்டு ஆய்வுகளையும் நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும் பேச்சுத்துணை மருந்துக்கு ஈடாகும் என்று இவற்றைக் கொண்டு வாதிட இடமில்லை.

மருந்து பற்றிய சர்ச்சை

நார்க்கோட்டிக்ஸ் அனானிமஸ் முழு விலக்கைக் கொள்கையாகக் கொண்டது. பயன்பாட்டை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதும் என்பதால், மெத்தடோன் உட்கொள்வோரும் கூட்டங்களுக்கு வரலாம். ஆனால் அவர்களைப் போதையிலிருந்து விலகியவர்களாக ஏற்பதில் அங்கே தயக்கம் உண்டு. சில குழுக்கள் கூட்டத்தில் பேசவும் விடுவதில்லை. இதன் விளைவாக 1991இல் பால்ட்டிமோர் நகரில் மெத்தடோன் அனானிமஸ் தனியே தோன்றியது. மருந்தை விடுமாறு அன்புடன் வற்புறுத்தும் துணையாளர், தம்மை அறியாமலே நோயாளியை மேற்கூறிய தாங்குதிறன் இடருக்குள் தள்ளிவிடுகிறார். ஆகவே மருந்தைப் பற்றிய முடிவு நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியது என்பது துணையாளர் கடைப்பிடிக்க வேண்டிய அடிப்படை வரம்பாகிறது.

சட்டமும் நெடுங்காலம் தடையாக இருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பூப்பிரனார்ஃபின் எழுத அமெரிக்க மருத்துவர்களுக்குத் தேவைப்பட்ட தனி அனுமதி, 2022 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

இந்தியாவில்

2019இல் வெளியான அரசின் கணக்கெடுப்பு, இந்தியாவில் அபினிவகைப் பயன்பாட்டால் சிக்கலுக்கு உள்ளானோர் ஏறத்தாழ 77 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. மூன்றாம் தேசிய எய்ட்சுக் கட்டுப்பாட்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) பூப்பிரனார்ஃபின் மாற்றுச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஊசிவழிப் பயன்பாடு மிகுந்த மணிப்பூர், நாகாலாந்து மாநிலங்களில் தொண்டு நிறுவனங்களின் சகக் கல்வியாளர்கள், தூய ஊசிகளை வழங்குவதோடு விருப்பமுள்ளோரைச் சிகிச்சை மையத்துக்கும் அழைத்துச் செல்கின்றனர். மருந்தைப் பணியாளர் முன்னிலையில் நாள்தோறும் உட்கொள்வது இம்மையங்களின் வழக்கம். ஆதலால் வேலைக்குச் செல்வோரும் தொலைவில் வாழ்வோரும் இடையில் நின்றுவிடுவதுண்டு. அவர்களைத் தேடி வீட்டுக்குச் செல்வதும் சகக் கல்வியாளரின் பொறுப்பே.