வீட்டை அடகு வைத்து எடுத்த படம்

ஜான் காசவெட்டீஸின் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோ பணம் இல்லை. மனுஷன் வீட்டையே அடமானம் வைத்துவிட்டார். நாயகன் பீட்டர் ஃபாக்கும் சொந்தக் காசைப் போட்டார். விநியோகஸ்தர் கிடைக்காததால் தியேட்டர்களிடம் இவர்களே பேசி ஓட்டினார்கள். இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன.

எனக்கு உறைத்தது நடிகர் பட்டியல்தான். நாயகி மேபெல், இயக்குநரின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ். மேபெலின் அம்மாவாக வருபவர் ஜீனாவின் அம்மாவேதான். மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று நிற்கும் மாமியார், காசவெட்டீஸைப் பெற்றவர்!

மேபெலின் ஆசை சின்னது: தன் போக்கில் இருக்கணும், அப்பவும் எல்லாரும் தன்னை நேசிக்கணும். கிடைத்தது ஆறு மாத மனநல மருத்துவமனை. பைத்தியம் என்ற முத்திரை பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில்தான் குத்தப்படுகிறது. அதைச் சொல்லத் தன் அம்மாவையே நிறுத்தினாரே, வீட்டை அடகு வைத்ததைவிட அதுதான் பெரிய துணிச்சல்.