ஏரியை முன்வைத்த தலைநகர்: கங்கைகொண்ட சோழபுரத்தின் நகர வரலாறு

1. சிக்கல்

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தை அடுத்துள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அங்குள்ள கோயிலைப் பற்றியதே. 55 மீட்டர் உயர விமானமும், சண்டேசரின் தலையில் சிவபெருமான் தம் கையாலேயே மாலை சுற்றும் புடைப்புச் சிற்பமும் அந்தக் கவனத்துக்கு முற்றிலும் தகுதியானவை. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றதும் கோயிலைத்தான். ஆனால் 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் உருவாக்கி, 1279 வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைமையிடமாக இருந்தது ஒரு முழு நகரம். அந்த நகருக்கு உயிர்நிலை எது? கோயிலும் அரண்மனையும் மதிலும் ஏரியை நம்பி எழுந்தவை என்பதும், ஏரியை விட்டுவிட்டு நகரின் வரலாற்றை எழுத இயலாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. இடத்தேர்வும் நீரும்

தஞ்சாவூர் காவிரிப் படுகையின் நெல்வளத்துக்கு நடுவே இருந்தது. அதை விட்டு இராசேந்திரன் தேர்ந்தது கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள மேட்டுப்பாங்கான நிலம். இன்றும் ஜெயங்கொண்டம் வட்டாரச் செம்மண்ணில் முந்திரித் தோப்புகளே மிகுதி. வடக்கே சாளுக்கியரோடு ஓயாத போர் நடந்த காலத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் படையோடு இருப்பது அரசனுக்கு வசதி என்று கருத இடமுண்டு. ஆனால் ஒரு பேரரசின் அரண்மனையும் படையும் வணிகரும் கைவினைஞரும் வாழ வேண்டுமானால் இந்த நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தாக வேண்டும்.

சோழகங்கம் என்ற ஏரி அதற்கான விடை. கங்கைக்கரை அரசர்களை வென்று கொணர்ந்த நீரைக்கொண்டு இராசேந்திரன் நீர்மயமான வெற்றித்தூண் ஒன்றை நாட்டினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. இந்தப் புகழுரையை மட்டும் படிப்பவர்கள் ஏரியை வெறும் வெற்றிச் சின்னமாக நினைத்துவிடுகிறார்கள். நிலத்தில் கிடக்கும் சான்று வேறு. இன்று பொன்னேரி எனப்படும் அந்த ஏரியின் கரை தென்வடலாக 16 மைல் ஓடியதென 1855இல் வெளிவந்த ஆங்கிலேயர் காலத்துக் குறிப்பு பதிவு செய்கிறது. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் ஒன்று தெற்கிலிருந்தும், வெள்ளாற்றிலிருந்து இன்னொன்று வடக்கிலிருந்தும் அதற்கு நீர் தந்தன. இரண்டு ஆறுகளை ஒரே ஏரிக்குத் திருப்பிய ஏற்பாட்டைப் புகழுக்காக மட்டும் யாரும் செய்வதில்லை. இராசேந்திரனின் மற்றொரு பெயரைத் தாங்கிய மதுராந்தக வடவாறும், ஆனைவெட்டுவான் என்ற வாய்க்காலும் கல்வெட்டுகளில் வருவது, பாசனம் இந்நகரின் அன்றாட ஏற்பாடாக இருந்ததைக் காட்டுகிறது.

கோயிலே நகரின் மையம் என்ற மறுப்பு எழலாம். கருவூர்த் தேவரின் திருவிசைப்பா பெற்ற தலம் இது என்பதால் அதன் சமயச் சிறப்பில் ஐயமில்லை. ஆயினும் இராசேந்திரன் இக்கோயிலைக் கட்டியதைச் சொல்லும் அவனது சொந்தக் கல்வெட்டு இங்கே இல்லை. கோயிலின் முதன்மையான பழைய கல்வெட்டு வீரராசேந்திரன் (1063–1070) காலத்தது. அரசன் தன் பெருமையாகச் செப்பேட்டில் ஏற்றிக்கொண்டவற்றுள் ஏரிக்குத் தனியிடம் இருந்தது என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

3. மறைந்த அரண்மனை

கோயிலிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளது மாளிகைமேடு. 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. வெளிப்பட்டவை சுட்ட செங்கல் சுவர்கள், ஏராளமான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள். மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் பீடங்கள் சீரான இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. தூணின் அடியைச் செருகுவதற்காக அவற்றில் குழி வெட்டியிருக்கிறார்கள். இறைவனுக்குக் கல், அரசனுக்குச் செங்கல்லும் மரமும் ஓடும் என்ற கட்டட மரபே நகரைப் பற்றிய நம் பார்வையைத் திரித்துவிட்டது. கல் நின்றதால் கோயிலைக் கண்டோம்; மரம் மக்கியதால் நகரை மறந்தோம்.

கல்வெட்டுகளோ நகரை மறக்கவில்லை. சோழகேரளன் திருமாளிகை, திருவாசல், வேம்புகுடி வாசல், குலோத்துங்க சோழன் திருமதில், இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி எனத் தெருவும் வாயிலும் பெயர் சொல்லி நிற்கின்றன. உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி ஆகிய சுற்றுப்புற ஊர்ப்பெயர்களையும் சான்றாகக் கொள்ளலாமா? கல்வெட்டோ அகழாய்வோ துணைநிற்கும்போது மட்டுமே கொள்ளலாம். மாளிகைமேடு அந்தச் சோதனையில் தேறிவிட்டது. மற்றவை மண்வெட்டிக்காகக் காத்திருக்கின்றன.

இங்கே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நகரம் நமக்கு ஒரு முறையியலைக் கற்றுத்தருகிறது. இன்றைய நைஜீரியாவில் உள்ள அந்த அரச நகரின் அரண்மனையும் மண்சுவரும் மரத்தூணும் கொண்டதே. தூண்களில் பித்தளைத் தகடுகள் பொருத்தியிருந்தார்கள். 1897 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை நகரைப் பிடித்தது, அரண்மனை எரிந்தது, தகடுகள் நூற்றுக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போயின. தகடுகளை மட்டும் வைத்து எழுதியிருந்தால் பெனின் ஓர் அருங்காட்சியகத் தலைப்பாகவே முடிந்திருக்கும். மாறாக, அரண்மனை மரபினரின் வாய்மொழி வரலாறு, இகுன் தெருவில் இன்றும் வார்ப்புத்தொழில் செய்யும் குடும்பங்கள், நகரைச் சூழ்ந்த மண்ணரணும் அகழியும், 1960களின் அகழாய்வு ஆகியவற்றைச் சேர்த்துப் படித்ததால் அது நகரமாக மீண்டது. பெனினில் அரச மரபு இன்றும் தொடர்கிறது. நமக்கு அந்தப் பேறில்லை. அதனால் நிலமும் நீரும் தரும் சான்று நமக்குக் கூடுதல் இன்றியமையாதது.

4. பிடுங்கிய கற்கள்

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழும்பியபோது கோயிலின் சுற்றுமதிலிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். ஊர்மக்கள் தடுத்தும் பயனில்லை. தடுத்தவர்களுக்குத் தண்டனையே கிடைத்தது என அதே 1855ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. மதிலுக்கு ஈடாகச் செங்கல் சுவர் எழுப்பித்தருவதாகக் கொடுத்த வாக்கும் அன்றுவரை நிறைவேறவில்லை. பாசனத்துக்காகக் கோயிலைச் சிதைத்த அரசு, அருகில் உடைந்து காடு மண்டிக் கிடந்த ஏரியைச் செப்பனிட்டிருக்கலாம். கோயிலை வேறாகவும் நீரை வேறாகவும் பிரித்துப் பார்த்த பார்வையின் விளைவு இது. நாம் அந்தப் பார்வையை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை.

5. முடிவு

பாதுகாப்பின் எல்லை கோயில் மதிலோடு நிற்கும்வரை நகரம் கரைந்துகொண்டே இருக்கும். பொன்னேரியின் கரை, அதன் வரத்து வாய்க்கால்களின் தடம், மாளிகைமேடு, உட்கோட்டை முதலான ஊர்கள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் அளந்து, ஒரே மரபு நிலமாக அறிவிக்க வேண்டும். அதற்கு முதல் வேலை ஏரிக்கரையை முழுமையாகத் தொல்லியல் ஆய்வுக்கு உட்படுத்துவது. கரையின் கட்டுமானமும் காலமும் தெரிந்தால்தான் இந்நகரில் எது முன், எது பின் என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கும். இக்கட்டுரையின் வாதத்தையும் அந்த விடையைக்கொண்டே எடைபோடலாம்.