நெல்லுக்கு விலை சொல்வது யார்?

தஞ்சை வளநாட்டு நெல் எந்நாளும் தஞ்சை எல்லைக்குள் அடங்கி நின்றதில்லை. சோழர் காலத்திலேயே நாகப்பட்டினம் கடல் வாணிபத்தின் தலைவாயிலாக விளங்கிற்று. பிற்காலத்தில் அத்துறைமுகம் போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தருக்கும், 1781இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. கொடிகள் மாறினவேயன்றி, காவிரிக் கரையின் அரிசி இலங்கைக்குக் கப்பலேறுவது நிற்கவில்லை.

உண்மையான மாற்றம் வேறொரு நதிக்கரையில் தொடங்கியது. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது; நீராவிக் கப்பல்கள் பெருகின. ஐராவதியின் கழிமுகக் காடுகள் வயல்களாயின. அங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தனர். தமிழரும் தெலுங்கரும் கூலிகளாய் உழைத்தனர். இவ்வாறு நம்மவரின் முதலும் வியர்வையும் சேர்ந்து வளர்த்த அரிசியே, பின்னாளில் தஞ்சை நெல்லுக்குப் போட்டியாக வந்து இறங்கியது.

1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியபோது, இப்போட்டியின் கடுமை வெளிப்பட்டது. சில ஆண்டுகளில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. நல்ல விலைக் காலத்தில் வாங்கிய கடனோ குறையவில்லை. அதனை அடைக்க இரு மடங்கு நெல்லை விற்க வேண்டியதாயிற்று. 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. தண்ணீர் வந்தது, விலை வரவில்லை! 1935இல் வெளிநாட்டு நொய்யரிசிக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. ஆனால் 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்ததால், அந்நாட்டு அரிசியை அவ்வரி தடுக்க இயலவில்லை. 1938இல் இராஜாஜி அமைச்சரவை உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசி வரத்து அறவே நின்றது. அடுத்த ஆண்டின் வங்கப் பஞ்சத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. உழவனை வாட்டிய மலிவு அரிசியை நம்பி எத்தனை ஏழைகள் உயிர் வாழ்ந்தனர் என்பது அப்போதுதான் புலனாயிற்று.

இந்த இரட்டைச் சிக்கல் இன்றும் தீரவில்லை. 1995இல் தோன்றிய உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, வளரும் நாடுகள் ஒரு விளைபொருளுக்குத் தரும் ஆதரவு பொதுவாக அதன் உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 2018–19இல் அரிசிக்கு இந்தியா இவ்வரம்பைத் தாண்டியது. 2013ஆம் ஆண்டு பாலி மாநாட்டில் கிடைத்த விலக்கைக் காட்டியே வழக்கினின்று காத்துக்கொண்டது. மன்னார்குடிப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டும் உழவருக்கு இவ்விவாதம் தெரிந்திராது. அவர் கையில் பெறும் விலையோ அதனோடு பிணைந்துள்ளது.

2023 ஜூலையில் உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. அன்று ரங்கூன் அரிசி தஞ்சையை அசைத்தது. இன்று நம் அரிசி பிறர் உலையை அசைக்கிறது.

வாணிபம் வளரட்டும். ஆனால் விளைவிப்பவனுக்குக் கட்டுபடியாகும் விலையும், வாங்கி உண்பவனுக்கு எட்டும் விலையும் ஒருசேர வாய்க்காத வளர்ச்சி நிலைத்ததில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சை கற்ற பாடம் இதுவே.